ராணுவ டாங்கியை விற்றுக் கட்டிய பாலர் பள்ளி... ஓர் ஊரையே உறவாக்கிய கதை!

1945, ஏப்ரல் 25. ஹிட்லர் படைகளிடமிருந்தும் உள்ளூர் ஃபாசிஸ ஆட்சியிடமிருந்தும் விடுதலை பெற்ற நாளாக இத்தாலி இன்றும் கொண்டாடும் தேதி. அதற்கடுத்த சில நாள்களில், வட இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்தை ஒட்டியிருக்கும் வில்லா செல்லா என்ற சின்னக் கிராமத்தில் மக்கள் கூடிப் பேசினார்கள். பின்வாங்கி ஓடிய ஜெர்மானியப் படை ஒரு டாங்கி, 3 லாரிகள், 6 குதிரைகளை அங்கே விட்டுவிட்டுப் போயிருந்தது. விற்றால் காசு வரும். அந்தக் காசை என்ன செய்வது?

குண்டுவீச்சில் வீடுகள் இடிந்து கிடந்த நேரம். சாப்பாட்டுக்கே திண்டாட்டம். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தியேட்டர் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். 'எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்.'

பெண்கள்தான் ஜெயித்தார்கள். விவசாயி ஒருவர் நிலம் கொடுத்தார். இடிந்த வீடுகளிலிருந்து செங்கல்லும் உத்தரமும் வந்தன. பழைய செங்கல்லில் ஒட்டியிருந்த காரையைப் பெண்கள் உட்கார்ந்து சுரண்டி எடுத்தார்கள். மணல் ஆற்றிலிருந்து வந்தது. கூலிக்கு ஆள் கிடையாது. பகலெல்லாம் வயலிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து சுவர் எழுப்பினார்கள்.

செய்தி கேள்விப்பட்டு நகரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார் 25 வயது ஆசிரியர் ஒருவர். பெயர், லோரிஸ் மலகுட்ஸி. கேள்விப்பட்டது உண்மைதான் என்று நேரில் கண்டதும் அவர் மனசு அங்கேயே தங்கிவிட்டது. 1994-ல் காலமாகும்வரை, சின்னக் குழந்தைகளின் பள்ளிகளே அவர் வாழ்க்கை ஆனது.

இன்று 'ரெஜியோ எமிலியா முறை' என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். நம் ஊரிலும் சில பிளேஸ்கூல்களின் விளம்பரத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே குழந்தைகள் போடும் ஓவியங்களைப் பற்றியும், அழகான வகுப்பறைகளைப் பற்றியும்தான் பேச்சு இருக்கும். ஆனால், அந்தப் பள்ளிகளின் அஸ்திவாரம் வேறு. 3 வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து விட வரும் முன்பின் தெரியாத அப்பா அம்மாக்கள், சில வருடங்களில் ஒருவருக்கொருவர் துணையாக மாறுவதுதான் அது. அது எப்படி நடக்கிறது என்பதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

லாரியில் ஏறிய பள்ளிக்கூடம்

வில்லா செல்லாவைப் பார்த்து, நகரத்தின் ஏழைப் பகுதிகளிலும் புறநகரிலும் இன்னும் 7 பள்ளிகள் முளைத்தன. எல்லாமே பெற்றோரே உருவாக்கி, பெற்றோரே நடத்தியவை. அந்தக் காலத்துப் பெண்கள் அமைப்புகள் தோள் கொடுத்தன. குழந்தைகளோ பசியோடும் நோயோடும் வந்தார்கள். வீட்டில் வட்டார வழக்கு மட்டுமே பேசியவர்களுக்குப் பொது இத்தாலிய மொழியே புதிதாக இருந்தது. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் சில பள்ளிகள் மூடப்பட்டன. மற்றவை கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் தட்டுத்தடுமாறித் தாக்குப்பிடித்தன.

1960-கள் பிறந்தபோது தொழிற்சாலைகள் பெருகின. வேலைக்குப் போகும் அம்மாக்களும் பெருகினார்கள். 'குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது தாயின் தலையெழுத்து மட்டுமல்ல, ஊரின் பொறுப்பும்தான்' என்ற குரல் உயர்ந்தது. 1963-ல் நகராட்சியே தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. இரண்டு வகுப்பறைகள், 60 குழந்தைகள். தீவில் தனியே மாட்டிக்கொண்ட ராபின்சன் க்ரூசோவின் நினைவாக 'ராபின்சன்' என்று பெயர். துணிச்சலான முயற்சிக்குப் பொருத்தமான பெயர்தான்!

அன்றைய இத்தாலியில் சின்னக் குழந்தைகளின் பள்ளிகளைப் பெரும்பாலும் தேவாலயம்தான் நடத்தியது. 'நகராட்சிக்கு இந்த வேலை எதற்கு?' என்ற சந்தேகம் ஊரில் இருந்தது. மலகுட்ஸியும் ஆசிரியைகளும் மேடை போட்டு விளக்கம் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் குழந்தைகளையும் சாமான்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். சதுக்கத்தில், பூங்காவில், நகராட்சி நாடக அரங்கின் தூண்களுக்கு அடியில் பள்ளிக்கூடம் நடந்தது. கடைக்குப் போகிறவர், வேலைக்குப் போகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். குழந்தைகள் என்னென்ன செய்கிறார்கள் என்று கண்ணால் கண்ட பிறகு, சந்தேகப்பட்டவர்களும் வாயடைத்தார்கள்.

1970-களின் தொடக்கத்தில், 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான முதல் நகராட்சிக் காப்பகம் திறந்தபோது, அதற்கு ஒரு தாயின் பெயரைச் சூட்டினார்கள். ஜெனோஃபா செர்வி. அவருடைய 7 மகன்களையும் 1943 டிசம்பரில் ஃபாசிஸவாதிகள் ஒரே நாளில் சுட்டுக்கொன்றார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தாயும் இறந்துபோனார். போர் என்ன செய்யும் என்பதைப் பார்த்த ஊர் அது. வெறும் ஏ பி சி டி சொல்லிக்கொடுக்க மட்டும் அவர்கள் பள்ளி கட்டவில்லை. ஒருவரை ஒருவர் நம்பும் மனிதர்களை வளர்க்க வேண்டும், அதைச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்ற தவிப்பு அதன் பின்னால் இருந்தது.

வாசலோடு அனுப்பிவிடுவதில்லை!

முதல்நாள் பள்ளி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, கேட்டுக்கு உள்ளே அழும் குழந்தையும் கேட்டுக்கு வெளியே கண்ணைத் துடைக்கும் அம்மாவும்தான். அங்கே கதை வேறு. இத்தாலியக் காப்பகங்களிலும் பாலர் பள்ளிகளிலும் சேர்க்கையின்போது அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வகுப்பிலேயே இருப்பது வழக்கம். முதலில் சேர்ந்து இருப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் மட்டும் வெளியே போவார்கள். குழந்தை தெம்பான பிறகு முழுதாக விட்டுவிட்டுப் போவார்கள்.

இதில் குழந்தைக்கு நல்லது என்பது தெரிந்ததே. இன்னொரு லாபமும் உண்டு. ஒரே அறையில் சில நாள்கள் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பேசாமலா இருப்பார்கள்? 'உங்க பொண்ணு ராத்திரி தூங்குறாளா?' என்று தொடங்கும் பேச்சு, அடுத்தவர் குழந்தையின் பெயர், பிடித்த பொம்மை, பயப்படும் விஷயம் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதில் போய் முடியும். தன் வீட்டில் மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே கஷ்டம்தான் என்று தெரிவதைவிடப் பெரிய ஆறுதல் ஏது?

அடுத்தது, 3 ஆண்டுகள். ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். 3 வயதில் சேரும் குழந்தைகளை, 6 வயதில் பள்ளியை விட்டுக் கிளம்பும்வரை அதே ஆசிரியர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வருடா வருடம் பிரிவு மாறுவதோ, குழந்தைகளைக் கலைத்துப் போடுவதோ இல்லை. குழந்தைகள் கூட்டமாகவே வளர்கிறார்கள் என்றால், பெற்றோர் கூட்டமும் கலையாமல் நீடிக்கிறது என்று பொருள். நட்புக்குத் தேவையானது பெரிய விழா அல்ல. ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு. அதைப் பள்ளியே திட்டமிட்டு ஏற்படுத்திக் கொடுக்கிறது.

கட்டடமும் அதற்கு ஏற்ற மாதிரிதான். பள்ளியின் நடுவில் ஊர்ச் சதுக்கம் போல ஒரு பொது இடம். எந்த வகுப்புக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சமையலறை பின்கட்டில் ஒளிந்திருப்பதில்லை. பல பள்ளிகளில் கண்ணாடி வழியே எல்லோர் கண்ணிலும் படுகிறது. சமையல்காரரும் பள்ளியின் முக்கியமான ஆள்தான். அவரோடு சேர்ந்து சமைத்துப் பார்க்கும் மாலை நேரங்களும் பெற்றோருக்கு உண்டு.

'உங்க பையன் எப்படிப் படிக்கிறான்?' இல்லை!

பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் நம்மில் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். 'மத்த பசங்க எழுதறாங்க, உங்க பையன்தான்...' என்ற வரி வந்துவிடுமோ என்று பயம். ஒவ்வொருவரும் வரிசையில் நின்று, தன் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போவோம்.

ரெஜியோ பள்ளிகளில் தனித்தனியாகப் பேசும் சந்திப்பும் உண்டு. ஆனால், வகுப்புப் பெற்றோர் எல்லோரும் ஒன்றாக உட்காரும் மாலைக் கூட்டங்கள் முக்கியம். அங்கே பேச்சு மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. குழந்தைகள் என்ன கேட்டார்கள், எப்படி யோசித்தார்கள், எங்கே சண்டை போட்டார்கள், எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பதைப் பற்றி.

இதற்காகவே ஆசிரியர்கள் குழந்தைகளின் பேச்சை எழுதி வைக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஓவியங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். இவையெல்லாம் பள்ளிச் சுவர்களில் இடம்பெறுகின்றன. தன் பிள்ளையைத் தேடிச் சுவரைப் பார்க்கும் அப்பா, அதில் பக்கத்துக் குழந்தை சொன்ன அழகான வார்த்தையையும் படித்துவிடுகிறார். 'உங்க பொண்ணு அப்படிச் சொன்னாளாமே!' என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் பொறாமை வளரும். சேர்ந்து ரசிக்கும் இடத்தில் உறவு வளரும்.

இது பள்ளிச் சுவரைத் தாண்டியும் போனது. நகரத்தின் அரியோஸ்டோ நாடக அரங்குக்கு மேடைத் திரை தேவைப்பட்டபோது, அதன் ஓவியத்தை உருவாக்கியவர்கள் டயானா பாலர் பள்ளிக் குழந்தைகள். சின்னஞ்சிறு கைகள் வரைந்த படம் பிரமாண்டமான திரையானது. நாடகம் பார்க்க வரும் ஊர் மக்கள் எல்லோருக்கும் அது 'எங்கள் பிள்ளைகள் வரைந்தது'. இதே டயானா பள்ளியைத்தான் 1991-ல் அமெரிக்காவின் 'நியூஸ்வீக்' வார இதழ் உலகின் சிறந்த 10 பள்ளிகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

கையில் வேலை, பேச்சில் உரிமை

விருந்தாளியாக வருகிறவர் விருந்து முடிந்ததும் போய்விடுவார். வேலை செய்ய வருகிறவர்தான் வீட்டு மனிதர் ஆவார். இந்த ரகசியம் தெரிந்த பள்ளிகள் இவை. மேசை செய்ய வேண்டுமா, தோட்டத்தைச் சீர்படுத்த வேண்டுமா, விழாவுக்குத் தயாராக வேண்டுமா? பெற்றோர் வந்து கைகொடுக்கிறார்கள். தச்சு வேலை தெரிந்த அப்பா, தையல் தெரிந்த பாட்டி எல்லோருக்கும் அங்கே மரியாதையான இடம் உண்டு. பீஸ் கட்டுகிறவர் என்பதைத் தாண்டி அவரவர் கைத்திறமையால் அறியப்படுகிறார்கள். பீஸும்கூட வருமானத்துக்கு ஏற்றபடிதான். அதனால் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்க முடிகிறது.

வேலை வாங்கிவிட்டு முடிவை மட்டும் நிர்வாகமே எடுத்தால், பெற்றோர் சீக்கிரம் சலித்துவிடுவார்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்தல் மூலம் அமையும் ஒரு குழு உண்டு. பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பொதுமக்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பிள்ளை படித்து முடித்துப் போன பிறகும், ஊர்க்காரராகப் பள்ளியோடு உறவைத் தொடர அந்தக் குழுவில் இடம் உண்டு.

வானொலியில் வந்த சோதனை

நல்ல காலத்தில் எல்லோரும் கூடி நிற்பார்கள். சோதனை வந்தால்? 1976 நவம்பரில் அது வந்தது. அரசு வானொலியில் கத்தோலிக்கத் திருச்சபைத் தரப்பில் பேசிய ஒருவர், இந்த நகராட்சிப் பள்ளிகள் குழந்தைகளைக் கெடுக்கின்றன, தேவாலயப் பள்ளிகளுக்குத் தொல்லை தருகின்றன என்று கடுமையாகத் தாக்கினார். ஒருநாள் அல்ல, தொடர்ந்து பல நாள்கள்.

பெற்றோர் பயந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தால், பள்ளிகளின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏழு நாள்கள் பொறுத்துப் பார்த்த மலகுட்ஸி ஒரு முடிவுக்கு வந்தார். பதிலுக்கு வசை பாடுவது அல்ல அந்த முடிவு. வழக்கமான பாடத்திட்ட வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு, உள்ளூர்ப் பாதிரியார்களைப் பள்ளிகளுக்கே வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் பேசலாம் என்றார்.

அந்தப் பேச்சு ஏறக்குறைய 5 மாதங்கள் நடந்தது. தொடக்கத்தில் இருந்த காரம் போகப் போகக் குறைந்தது. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் தொடங்கின. கதவைச் சாத்திக்கொள்ளாமல் திறந்து வைத்ததுதான் பள்ளிகளைக் காப்பாற்றியது. பல ஆண்டுகளாக உள்ளே வந்து போய்ப் பழகிய பெற்றோருக்கு, தங்கள் பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று வானொலி சொல்லித் தெரிய வேண்டிய நிலை இல்லையே!

புதிதாக வந்தவர்களும் நம்மவர்களே

இன்றைய ரெஜியோ எமிலியா, போர் முடிந்தபோது இருந்த ஊர் அல்ல. கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளிலிருந்து குடும்பங்கள் அங்கே குடியேறியிருக்கின்றன. இந்தியர்களும் உண்டு. புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குப் பால் தரும் அந்த வட்டாரத்து மாட்டுப் பண்ணைகளில் ஏராளமான பஞ்சாபியர் வேலை பார்க்கிறார்கள். அதே மாகாணத்தின் நொவெல்லாரா என்ற ஊரில் பெரிய குருத்வாராவே இருக்கிறது.

மொழி தெரியாத ஊரில், சொந்தபந்தம் இல்லாத இடத்தில் பிள்ளை வளர்க்கும் கஷ்டம், வேலைக்காக வெளியூர் போன எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். ஜுரம் வந்தால் எந்த டாக்டர், அவசரத்துக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது? இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் புது ஊரில் கிடைக்கும் முதல் சொந்தம், பெரும்பாலும் பிள்ளையின் பள்ளி மூலம் கிடைக்கும் சொந்தம்தான். இரண்டு 4 வயதுக் குழந்தைகள் நண்பர்களாக மொழி தேவையில்லை. அவர்கள் பின்னாலேயே பெற்றோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். பள்ளி அதற்கு இடம் கொடுத்தால்!

நாம் என்ன செய்யலாம்?

இதெல்லாம் இத்தாலிக்குச் சரி, நமக்கு நேரம் ஏது என்று தோன்றலாம். வில்லா செல்லாவின் பெற்றோருக்கும் நேரம் இல்லை. அவர்கள் ராத்திரியில்தான் சுவர் கட்டினார்கள். பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். பிளேஸ்கூலோ, அங்கன்வாடியோ, நர்சரி பள்ளியோ, எங்கேயும் தொடங்கக்கூடியவை இவை:

1. பெயர் தெரியட்டும்: உங்கள் பிள்ளையின் வகுப்பில் இருக்கும் 5 குழந்தைகளின் பெயரையும் அவர்களுடைய அப்பா, அம்மா பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஆதவ் அம்மா', 'நிலா அப்பா' என்பதோடு நிற்க வேண்டாம்.

2. 10 நிமிடம் போதும்: வாரத்தில் ஒருநாளாவது பிள்ளையை அழைக்க 10 நிமிடம் முன்னதாகப் போங்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள். முடியாத பெற்றோருக்குப் பதிலாகத் தாத்தா, பாட்டி வந்தால் அவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. வாட்ஸ்அப் குரூப்பை மாற்றுங்கள்: ஹோம்வொர்க், பீஸ், புகார் மட்டும் ஓடும் குரூப்பில், குழந்தைகள் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றையும் பகிருங்கள். உங்கள் பிள்ளை சொன்னதை அல்ல. அடுத்தவர் பிள்ளை சொன்னதை!

4. வேலை கேளுங்கள்: 'நான் என்ன உதவி செய்யட்டும்?' என்று ஆசிரியையிடம் கேளுங்கள். கதை சொல்வது, செடி வைப்பது, உடைந்த நாற்காலியைச் சரிசெய்வது என எதுவாகவும் இருக்கலாம். அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

5. பள்ளி நடத்துபவர்களுக்கு: ஆண்டு விழாவுக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு பங்கை, பெற்றோர் சேர்ந்து உட்காரும் மாலைகளுக்குக் கொடுங்கள். முடிந்தவரை வகுப்பைக் கலைக்காமல் அதே குழந்தைகளை ஒன்றாக மேலே அனுப்புங்கள். சேர்க்கை நேரத்தில் சில நாள்களாவது அம்மாவையோ அப்பாவையோ உள்ளே உட்கார விடுங்கள்.

பாலர் பள்ளி 2, 3 வருடங்களில் முடிந்துவிடும். அங்கே கற்ற பாட்டைக்கூடக் குழந்தை மறந்துவிடும். ஆனால், ஜுரத்தில் ராத்திரி 11 மணிக்கு போன் செய்ய ஒரு நம்பர், வேலை போனபோது தோளைத் தட்ட ஒரு கை, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் வீட்டுக்கு வந்து டீ குடிக்கும் ஒரு குடும்பம்... இவையெல்லாம் அந்த வாசலில்தான் தொடங்குகின்றன. அடுத்த முறை பிள்ளையை அழைக்கப் போகும்போது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்!